நடு ஆற்றில் மூன்று பூட்டுகள்

பல் டாக்டரின் சட்டைப் பைக்குள்ளிருந்து ஓர் அலறல்!

கார் சாமான் கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அலறியது அவருடைய போன். திரையில் சிவப்பாய் ஒரு வரி மின்னிக்கொண்டிருந்தது.

'உங்கள் வாகனம் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது.'

டாக்டர் கையிலிருந்த ஸ்டெப்னி பூட்டைக் கவுண்டரில் போட்டுவிட்டு வாசலுக்குப் பாய்ந்தார். எதிரே மரத்தடியில்தான் ஜீப்பை நிறுத்தியிருந்தார். மரம் இருந்தது. நிழல் இருந்தது. ஜீப்...

காணோம்!

அது சாதாரண வண்டி இல்லை. நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப். மலை ஏறும், சேறு மிதிக்கும், ஆற்றைக் கடக்கும் என்று சொல்லித்தான் அவர் தலையில் கட்டினார்கள். டாக்டரோ அதை வீட்டுக்கும் க்ளினிக்குக்கும் நடுவே தார் ரோட்டில் மட்டும் ஓட்டினார். சேறு பட்டால் பெயிண்ட் கெட்டுவிடுமாம்.

பாதுகாப்பு என்று வந்துவிட்டால் மட்டும் மனிதருக்குத் திருப்தியே கிடையாது. கண்ணாடிகளுக்கு உள்பக்கம் இரும்பு வலை. கண்ணாடியை உடைத்து, கையை விட்டுக் கதவைத் திறப்பார்களே, அந்த ஜம்பம் பலிக்காதபடி, வெளியே பூட்டினால் உள்கைப்பிடிகளும் வேலை செய்யாது. இத்தனையும் போதாதென்று ஆள் காவல் வேறு.

அந்த ஆள், மாமனார்.

டாக்டர் எங்கே போனாலும் மாமனாரையும் ஏற்றிக்கொள்வார். இறங்கும்போது அவரைப் பின் சீட்டிலேயே விட்டுவிட்டு வண்டியை வெளியே பூட்டிக்கொண்டு போய்விடுவார். உள்ளே தலை தெரிகிற வண்டியில் எவன் கை வைப்பான் என்பது அவர் கணக்கு. போன மாதம் வெயிலில் பெரியவர் மயங்கி விழுந்தார். மனைவி வீட்டையே இரண்டாக்கிவிட்டாள். அன்றிலிருந்து சாவியை உள்ளேயே விட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுவிட்டு, மாற்றுச் சாவியால் வெளியே பூட்டுகிறார்.

ஓடிக்கொண்டிருந்த இன்ஜின்! திருடனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"இருடா... எங்க போயிடுவே" என்று பல்லைக் கடித்த டாக்டர், போனில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

'இன்ஜின் நிறுத்தப்பட்டது. கதவுகள் பூட்டப்பட்டன.'

டாக்டருக்கு மூச்சு வந்தது. அந்தப் பொத்தானை வைத்துக் கொடுத்த கடைக்காரர் ஓடி வந்து கை கொடுத்தார். கொடுத்த கையை விடாமலே மெல்லக் கேட்டார்.

"சார்... உள்ளே பெரியவர் இருந்தாரே?"

டாக்டரின் முகம் வெளுத்துப்போனது. ஜீப் போன பதற்றத்தில் அவர் மாமனாரைச் சுத்தமாக மறந்திருந்தார்.

போன் அடித்தது. மாமனாரின் நம்பர்.

"மாமா! எங்க இருக்கீங்க?"

எதிர்முனையில் சைரன் காதைப் பிளந்தது. அதற்கடியில் தண்ணீர் இரையும் ஓசை. பிறகு ஒரு கரகரத்த குரல்.

"மாமா இல்ல சார். வண்டியை எடுத்தவன் பேசறேன். என்ன சார் பண்ணித் தொலைச்சீங்க? வண்டி நடு ஆத்துல நின்னுபோச்சு."

"ஆத்துலயா? ஆத்துக்குள்ள எதுக்குடா விட்ட?"

"பாலத்துல போலீஸ் நிக்கும். இது தண்ணியில போற வண்டிதானே சார்? ஜோரா போச்சு. நீங்கதான் நிறுத்திட்டீங்க. மேல எங்கயோ மழை போல... தண்ணி ஏறிட்டே வருது. கதவு திறக்கல. கண்ணாடியை இறக்கினா வலை. எந்தப் புண்ணியவான் சார் இப்படி அடிச்சு வச்சது?"

அந்தப் புண்ணியவான் டாக்டர்தான். போன் வரைபடத்தைப் பார்த்தார். ஊருக்கு வெளியே வளைந்து ஓடும் நீலக் கோட்டின் நடுவில், ஒரு சிவப்புப் புள்ளி அசையாமல் இருந்தது.

"எங்க மாமா எப்படி இருக்கார்? போனை அவர்கிட்ட குடு."

"பெரியவர் பேச மாட்டேங்கிறார் சார்."

"அவர் எப்பவுமே பேச மாட்டார். காதுல வை."

"அப்படியா சார்?" என்றது குரல். "இப்ப பேசற நிலைமையிலயும் இல்ல. முழங்கால் வரைக்கும் தண்ணி."

டாக்டர் தவித்துப் போனார். கடைக்காரரின் போனைப் பிடுங்கிப் போலீசுக்கும் தீயணைப்புக்கும் பேசினார். ஆற்றின் எந்தக் கரை என்று கேட்டார்கள். நடுவில் என்றார். எந்தக் கரைக்குப் பக்கம் என்று திருப்பிக் கேட்டார்கள். கயிறும் படகும் வர நேரமாகும், அதுவரை உள்ளே இருப்பவர்களைத் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்கள்.

கடைக்காரரின் சட்டையைப் பிடித்தார் டாக்டர். போனிலிருந்தே இன்ஜினைத் திரும்பக் கிளப்ப ஒரு வழி சொல்லும்படி கெஞ்சினார்.

"வழியில்ல சார். ஒரு தடவை நிறுத்திட்டா, வண்டிக்குள்ள இருந்துதான் எடுக்க முடியும். திருடன் உங்க போனையும் பிடுங்கிட்டா என்ன பண்றதுன்னு நீங்கதானே அப்படி வைக்கச் சொன்னீங்க?"

போனில் இன்னொரு அழைப்பு எட்டிப் பார்த்தது. மனைவி. அப்பா ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்பாள். என்ன சொல்வது? உங்க அப்பாவைப் பூட்டி ஆற்றில் விட்டிருக்கிறேன் என்றா? டாக்டர் அதைத் துண்டித்தார். வாழ்க்கையில் இவ்வளவு கையாலாகாமல் அவர் நின்றதில்லை.

"சார்! இருக்கீங்களா? சீட்டுக்குத் தண்ணி வந்துடுச்சு."

இனி மறைத்துப் பயனில்லை.

"கேளு... முதல்ல சைரனை நிறுத்து. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு மூடி இருக்கும். அதுக்குள்ள மேல் வரிசையில கடைசி ஃப்யூஸைப் பிடுங்கு."

சைரன் செத்தது. தண்ணீரின் இரைச்சல் இப்போது இன்னும் பெரிதாகக் கேட்டது.

"அடுத்து?"

"டிரைவர் சீட்டுக்குப் பின்பக்கம் கையை விடு. நம்பர் தட்டுற பெட்டி தட்டுப்படும்."

"தட்டுப்படுது. நம்பர் என்ன சார்? கல்யாண நாளா?"

டாக்டர் தயங்கினார்.

"இல்ல... வண்டி எடுத்த நாள்."

மறுமுனையில் ஒரு கணம் தண்ணீர் மட்டும் பேசியது. டாக்டர் எண்களைச் சொன்னார். டிக் என்று ஒரு சத்தம் கேட்டது.

"பச்சை விளக்கு வந்துடுச்சு. ஆனா இன்ஜின் பிடிக்கல சார். இன்னும் ஏதோ ஒண்ணு இருக்கு. என்ன அது?"

இருந்தது. மூன்றாவது பூட்டு. கடைக்காரருக்குக் கூடத் தெரியாமல், வெளியூர் மெக்கானிக்கிடம் போய் டாக்டர் வைத்துக்கொண்டது. மனைவியிடம் சொன்னதில்லை. தூக்கத்தில் உளறிவிடக் கூடாதே என்று பயந்த ரகசியம்! அதையும் சொல்லிவிட்டால் ஜீப் அவனுடையது. அப்புறம் எந்தப் பூட்டைப் போட்டு எதைக் காப்பாற்றுவது?

"வலையைப் பிய்க்க முடியாதா? ஜாக்கி ராடு பின்னாடி இருக்கு. அதால நெம்பிப் பாரேன்."

"சார்... தண்ணி இடுப்புக்கு வருது."

"ஒரு தடவை முயற்சி பண்ணேன்..."

"வண்டியா, ஆளா சார்? சீக்கிரம் சொல்லுங்க."

சத்தம் போடாமல் கேட்ட கேள்வி அது. டாக்டருக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பெரியவரின் முகத்தை நினைக்கப் பார்த்தார். பின் சீட்டுக் கண்ணாடியில் தெரியும் நரைத்த தலைதான் ஞாபகம் வந்தது. தினமும் கூட வந்த மனிதரின் முகம் சட்டென்று வரவில்லையே என்று அவருக்கு அழுகை முட்டியது.

அந்த நிலைமையிலும், கடைக்காரரைத் தள்ளி நிற்கச் சொன்னார். போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

"பின் கண்ணாடி வைப்பருக்குன்னு ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது வைப்பருக்கு இல்ல. கீழ்ப்பக்கமா அழுத்திப் பிடிச்சுட்டு சாவியைத் திருப்பு."

ஒரு இருமல். இன்ஜினுடையது. மறுபடி ஒரு இருமல்.

அப்புறம் ஒன்றுமில்லை.

"பிடிச்சுதா? டேய்... பிடிச்சுதாடா?"

பதில் வரவில்லை. தண்ணீர்தான் இரைந்தது. டாக்டர் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டியதும் அதைப் பார்க்கவே பயந்து தள்ளிவிட்டார்.

திடீரென்று...

இன்ஜின் உறுமியது! கூழாங்கற்கள் சக்கரங்களில் நொறுங்கும் ஓசை கேட்டது. வரைபடத்தில் சிவப்புப் புள்ளி நீலக் கோட்டை விட்டு நகர்ந்து, வெள்ளையில் ஏறி நின்றது.

"கரை ஏறியாச்சு சார். எதிர்க்கரை."

டாக்டருக்குக் கண்ணீர் கொட்டியது.

"தம்பி... மாமாவை மட்டும் பத்திரமா இறக்கி விட்டுடு. வண்டியை நீயே வச்சுக்கோ. போலீஸ்ல புகார் எழுதிக் குடுக்க மாட்டேன். அவரை இறக்கி விட்டுடு."

 பிறகு அதே கரகரத்த குரல் கேட்டது.

"நிஜமாவா மாப்பிள்ளை?"

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது!

"மா... மாமாவா? அப்ப அந்தத் திருடன்?"

"பூட்டின வண்டிக்குள்ள திருடன் எப்படி மாப்பிள்ளை ஏறுவான்? பின் சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் நடுவுலதான் நீங்க பூட்டே போடல. தாண்டி வந்துட்டேன்."

"உங்க குரல்... வேற மாதிரி இருந்துச்சே..."

"மாத்தியெல்லாம் பேசல. இதுதான் என் குரல். 'சரி மாப்பிள்ளை'ங்கறதைத் தவிர வேற எதையாவது நீங்க என்னைப் பேச விட்டிருக்கீங்களா?"

விட்டதில்லை. வாயைத் திறந்தபடி, பேச முடியாமல் படுத்திருப்பவர்களிடமே நாளெல்லாம் பேசிப் பழகியவர் டாக்டர். வீட்டிலும் அப்படியே இருந்துவிட்டார். இப்போது அவர் வாய் திறந்திருந்தது. பேச்சு வரவில்லை.

"ஓட்டிப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை" என்றார் மாமனார். "நீங்க கடையில பூட்டு எடுக்கப் போனா சீக்கிரம் வர மாட்டீங்க. ஒரு சுத்து சுத்திட்டுப் பழைய இடத்துல நிறுத்திடலாம்னு பாத்தேன். நடு ஆத்துல கழுத்தை நெரிச்சிட்டீங்க. தண்ணி வந்தது நிஜம் மாப்பிள்ளை. வேட்டி இன்னும் சொட்டுது."

"முதல்லயே நீங்கதான்னு சொல்லியிருக்கலாமே மாமா?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? 'எதையும் தொடாதீங்க மாமா, அங்கயே இருங்க, நான் வர்றேன்'னு சொல்லியிருப்பீங்க. திருடன்னு சொன்னதாலதான் ஸ்விட்ச் எங்க இருக்குன்னு சொன்னீங்க. நான் கேட்டா சொல்வீங்களா?"

 சொல்லியிருக்க மாட்டார். மாமனார் உயிரோடு இருப்பதில் சந்தோஷம், தன்னை நினைத்து வெட்கம், ஏமாந்த கோபம்... எல்லாம் ஒன்றாக வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சரி மாமா... போனதெல்லாம் போகட்டும். இப்ப எதையும் தொடாதீங்க. அங்கயே இருங்க. நான் வர்றேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

மறுமுனையில் கியர் விழுந்தது.

"எதுல வருவீங்க, மாப்பிள்ளை?"