கழற்றிய சில்லின் பதில்

தம்பியின் மூச்சு இயந்திரம் இன்று கொஞ்சம் தாமதமாக இழுத்தது. யாஷ் நகரத்து நவம்பர் நாலரைக்கே இருட்டி, படிக்கட்டிலிருந்து முட்டைக்கோஸ் ஊறுகாய் வாடை கதவிடுக்கில் நுழைந்து, கீழே டிராம் திரும்பும் கிறீச்சொலி ஜன்னலில் நடுங்கி ஓய்ந்த பிறகும், அந்தத் தாமதம் மட்டும் ருக்சாந்திராவின் காதைவிட்டுப் போகவில்லை.

இயந்திரத்துக்குள் ஓடுவது அவள் எழுதிய டிரைவர் மென்பொருள். தொடங்கும்போதே கடிகாரச் சில்லை, அதாவது நேரத் துடிப்பு தரும் சிப்பைக் கேட்டு, பிராசசர் ஓட வேண்டிய வேகத்தை அது முடிவு செய்யும். சில்லு பதில் தராவிட்டால் சத்தம் போடாமல் மேலே போ என்று அவசரத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள். பிழைச் செய்தி மறைந்தது, அலுவலகமே கைதட்டியது. இப்போது வேகம் சரிந்துகொண்டே இருக்கிறது. இன்னும் சரிந்தால் தம்பி டிபேரியுவுக்கு மூச்சு இல்லை. அழைத்த ஆம்புலன்ஸோ பனியில் சிக்கிக் கிடந்தது. ஓடுகிறதில் கை வைக்காதே என்று மேலாளர் போனில் சொன்னார். அவருக்கென்ன, அவர் தம்பியா?

மேசையில் அதே மாதிரி ஒரு சோதனைப் பலகை. அதன் சில்லைக் கழற்றிவிட்டு வேகம் கேட்டாள். பதில் வரக் கூடாது.

வந்தது. ஓர் எண்.

மறுபடி கேட்டாள். இன்னும் சிறிய எண். பக்கத்து அறையில் தம்பியின் மூச்சும் அதே அளவு இறங்கியது.

அந்த வரியை அழித்தாள். நிஜச் சில்லு விழித்துப் பதில் சொல்லும்வரை காத்திரு, வேறு எதையும் நம்பாதே என்று எழுதி, பக்கத்து அறைக்குப் போய்த் தம்பியின் இயந்திரத்தில் ஏற்றினாள். இனி அணைத்துப் போட வேண்டும்.

"அக்கா, அணைக்காத," என்றான் டிபேரியு, முகமூடிக்குள்ளிருந்து. "அணைச்சா அது வெளிய வந்துரும்."

"ரெண்டே நிமிஷம்டா. அதுவரைக்கும் நான் கையால அமுக்குறேன்."

அணைத்தாள். முகமூடியில், கையால் மூச்சு ஊட்டும் ரப்பர்ப் பையை மாட்டி அமுக்கினாள், விட்டாள், அமுக்கினாள். ஒரு கையால் இயந்திரத்தை மறுபடி போட்டாள், திரை ஒளிர்ந்தது. காத்திருந்தது. சில்லு பதில் சொன்னது. சரியான வேகம். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கையை எடுத்தாள்.

பை தானாக அமுங்கியது. மெதுவாக. உப்பியது. அவன் நெஞ்சும் அதோடு ஏறி இறங்கியது.

பிடுங்கி எறிந்தாள். இயந்திரத்தின் குழாயை மாட்டினாள். தரையில் பை ஒருமுறை அமுங்கியது. அவன் நெஞ்சும் இறங்கியது.

பை உப்பவில்லை.

இயந்திரம் தாமதமே இல்லாமல் ஊதிக்கொண்டிருந்தது. நெஞ்சு எழவில்லை. திறந்திருந்த அவன் கண்கள் அக்காவைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த பையைப் பார்த்துக் காத்திருந்தன.