படையலில் வைத்த கத்தரிக்கோல்

பசை பாட்டிலின் வாயில் ஈரம் இருந்தது.

முத்திருளன் முதலில் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஐப்பசி மாதம், நசநசவென்று விடாத மழை, ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற அந்த வரிசை வீடுகளில் சுவரே வேர்த்துக் கிடந்தது. பாட்டில் வேர்க்காதா என்றுதான் நினைத்தான். தொட்டுப் பார்த்தபோது விரல் ஒட்டியது. பிரித்தால் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. மகள் பவளக்கொடி கண்ணை மூடியதிலிருந்து யாரும் திறக்காத பாட்டில் அது. மூடி கல்லாக இறுகிப் போயிருந்ததை அவனே பார்த்திருக்கிறான்.

பாட்டிலுக்குப் பக்கத்தில், மகள் படத்துக்கு அடியில், சிவப்பு கிளேஸ் தாளில் வெட்டிய ஒரு சின்னத் துண்டு கிடந்தது. வளைந்து வளைந்து போகிற ஓரம். பிசிறில்லை. பென்சில் கோட்டை விட்டு மயிரிழையும் விலகாத வெட்டு.

அப்படி வெட்டத் தெரிந்த கை அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

முத்திருளன் சிக்கந்தர் பாயின் பேப்பர் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன். அங்கே ஓரம் வெட்டிப் போடுகிற கழிவுத் தாளைச் சாயங்காலம் பையில் அள்ளிக்கொண்டு வந்தானென்றால், பவளத்துக்கு அன்றைக்குத் தீபாவளி. தரையில் கொட்டி இனம் பிரிப்பாள். கிளேஸ் தாள் ஒரு பக்கம், ஜிகினாத் தாள் ஒரு பக்கம், பைண்டிங் அட்டையில் ஒட்டுகிற மார்பிள் தாள் தனியாக. ஒரு தாளைக் காதோரம் வைத்து உதறிப் பார்த்து, இது நல்ல கனம்ப்பா என்பாள். வாசனை ரப்பர் வாங்கிக் கொடுத்தால் அதைக் கொண்டு ஒரு எழுத்தும் அழிக்க மாட்டாள், டப்பாவில் பூட்டி வைத்து முகர்ந்து மட்டும் பார்ப்பாள். கடையில் பேனா எழுதுகிறதா என்று பார்க்க மற்ற பிள்ளைகளெல்லாம் கிறுக்குமே, இவள் ஒரு கொடியை வரைந்து அதில் ஒரு இலையும் விட்டு வைத்துவிட்டு வருவாள். புது வருசமாக இரண்டாயிரம் பிறந்தபோது தெருவுக்கே வாழ்த்து அட்டை செய்து கொடுத்தாள். அந்த ஜிகினாத் தூள் பொங்கல் வரைக்கும் எல்லார் வீட்டுச் சோற்றிலும் மின்னியது.

இந்தப் புரட்டாசியில் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அம்புட்டுத்தான்.

பதினாறாம் நாள் படையல் போட்டார்கள். செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு, எல்லாரும் வெளியே நிற்பது அவர்கள் வகையறாவின் வழக்கம். வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று கொஞ்ச நேரம் விடுவார்கள். பிறகு கையைத் தட்டி, சத்தம் கொடுத்து, கதவைத் திறப்பார்கள். பரோட்டாவும் சால்னாவும் பால்பன்னும் வைத்தார்கள். கதவைச் சாத்துகிற நேரத்தில் முத்திருளன் மட்டும் ஒரு எட்டு உள்ளே போனான். வெறும் சோற்றுக்கா என் பிள்ளை வரும் என்று அவன் மனசு கேட்டது. அவளுடைய கத்தரிக்கோல், பென்சில், பசை பாட்டில், ஒரு கட்டுக் கலர்த் தாள், எல்லாவற்றையும் இலை ஓரத்தில் வைத்துவிட்டு வந்தான். கதவைத் திறந்த பிறகு இலையை எடுத்தார்கள். இதை எடுக்க அவனுக்குக் கை வரவில்லை. படத்துக்கு அடியில் அப்படியே தள்ளி வைத்தான்.

இப்போது அந்தச் சிவப்புத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதான். பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஓடிப்போய்த் தாள் வாங்கி வர வேண்டும் என்றுதான் தோன்றியது.

மறுநாள் கிட்டங்கியில் கழிவுத் தாளைக் குவித்து அள்ளினான். கூட மூட்டை தூக்குகிற சோலை சிரித்தான்.

"என்னண்ணே, மூட்டை கட்டுறீக? வீட்டுல கல்யாணப் பந்தல் ஏதும் போடுறீகளா?"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு லாரிப் பக்கம் நகர்ந்தான். கல்லாவில் இருந்த சிக்கந்தர் பாய் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை நினைப்பு வந்துருச்சாக்கும். எடுத்துட்டுப் போப்பா. அல்லா உனக்குப் பொறுமையைக் குடுக்கட்டும்."

பொறுமை எதற்கு என்று முத்திருளன் நினைத்தான். மழையில் நனையாமல் தாளைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் தாளை வைத்துக் கதவைச் சாத்தினான். வாசற்படியில் உட்கார்ந்தான். பஸ் நிலையத்திலிருந்து திண்டுக்கல், தேனி என்று கூவுகிற குரல்களும், ஹாரனும், ஓட்டுக் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரும், அடுத்த வீட்டில் தாளிக்கிற வாசமும் எல்லாம் கலந்து வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில், காதைக் கொடுத்தால் மட்டும் கேட்கிற மாதிரி, கத்தரிக்கோல் நடந்துகொண்டிருந்தது. கறுக். கறுக். கொஞ்சம் நிற்கும். தாளைத் திருப்புகிற சத்தம். மறுபடியும் கறுக்.

"உள்ள என்ன சத்தம்?" என்றாள் அவன் பெண்டாட்டி தங்கப்பொண்ணு, அடுப்படியிலிருந்து.

"எலியா இருக்கும்."

"எந்த எலி தாளைத் திருப்பித் திருப்பி வச்சுக் கடிக்கும்?"

அவள் ஈரக் கையோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரெண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் ரெண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

அந்த நாள்கள் அப்படித்தான் போயின. சாயங்காலம் தாள் வைப்பான். விடிந்ததும் தங்கப்பொண்ணு வெட்டிய துண்டுகளைப் பொறுக்கி ஒரு முறத்தில் சேர்ப்பாள். பூ செய்கிறாள் என்று அவன் சொன்னான். எல்லாம் இதழ் இதழாகத்தான் இருந்தன. பூவாக எதுவும் சேரவில்லை. அறைக்குள் பசை வாசம் கூடிக்கொண்டே போனது. கதவுக்கு வெளியே, முற்றத்தில், கடைசியில் அவன் சோற்றுக் கையில்.

ஒரு காலையில் தங்கப்பொண்ணு முறத்தின் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இது இதழ் இல்ல."

"பின்ன?"

அவள் ஒரு துண்டை நீட்டினாள். வழவழப்பான வெள்ளைத் தாள். மடிப்பு மடிப்பாக ஒட்டி, உள்பக்கம் சுருட்டி, அடியில் ஊசியால் குத்திய ஓட்டை.

"தோடு குத்தையில இடது காது கோணிப் போச்சே. ஆசாரிகிட்ட நாஞ் சண்டை போட்டேனே. அதே கோணல்."

அவன் முறத்தைக் கிளறினான். நகம். ஜிகினாத் தாளில் வெட்டிய சின்னச் சின்ன நகங்கள். விரல் கணுவின் ரேகை. உதட்டில் பாதி. இமை.

"அவதான் அவளைச் செஞ்சுக்கிட்டு இருக்கா" என்றாள் தங்கப்பொண்ணு. சொல்லும்போது அவள் முகத்தில் இருந்தது பயமா ஆசையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் மழை வலுத்தது. கிட்டங்கிக்குள் தண்ணீர் ஏறி, பாய் கடையைப் பூட்டிவிட்டார். தாள் இல்லை. முத்திருளன் வெறுங்கையோடு அறைக் கதவைச் சாத்தினான். கத்தரிக்கோல் அன்றைக்கும் நடந்தது. காலையில் நாள்காட்டியில் மீதித் தேதிகள் இல்லை. மறுநாள் கொடியில் காய்ந்த சேலையின் பார்டர் இல்லை. அதற்கு மறுநாள் தங்கப்பொண்ணு பாயிலிருந்து எழுந்து கொண்டை போடக் கையைப் பின்னால் கொண்டுபோனாள். கை சும்மா திரும்பி வந்தது.

முடி பிடரியோடு வெட்டப்பட்டிருந்தது. நேராக. பிசிறில்லாமல்.

அவள் கத்தவில்லை. முக்காடு போட்டுக்கொண்டு பரவைக்குப் பஸ் ஏறிப் போய்த் தன் அண்ணன் நல்லகாமனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் வகையறாவில் படையல் போட்டுக் கொடுக்கிறவர் அவர்தான். அறை வாசலில் நின்று மோந்து பார்த்தார். உள்ளே போகவில்லை.

"மாப்ள, இலையில என்னத்த வச்ச?"

முத்திருளன் சொன்னான்.

"அட கூறுகெட்டவனே." அவர் குரல் தணிந்துபோனது. "சோத்தை வச்சா தின்னுட்டுப் போயிரும். வேலையை வச்சா? முடிக்காம எப்புடிப் போகும்? உள்ள போயி, வேலை முடிஞ்சதுத்தா, எந்திரிச்சுப் போன்னு நீதான் சொல்லணும். வச்ச கைதான் எடுக்கணும். கத்தரிக்கோலை எடுத்துட்டு வந்துரு."

"சொன்னா போயிருமா, மச்சான்?"

"போயிரும்."

"திரும்ப வராதா?"

நல்லகாமன் தலையைக் குனித்துக்கொண்டார். தங்கப்பொண்ணு புருசன் சட்டையைப் பிடித்தாள்.

"எனக்கு மட்டும் அவ வேண்டாமாய்யா? எம் முடி போனது போகட்டும். நாளைக்கு எதை வெட்டும்? போய்ச் சொல்லு. எம் பிள்ளையை நல்லபடியா அனுப்பிட்டு வா."

அன்றைக்குச் சாயங்காலம் அவன் உள்ளே போனான். வெளியே இருந்து கதவைச் சாத்தினார்கள்.

சாத்தியதும் கரண்ட் போனது.

இருட்டில் பசை வாசம் முகத்தில் அடித்தது. அதற்குள்ளே வேறொன்றும் இருந்தது. ஈர முடியின் வாசம். தேங்காய் எண்ணெய். தங்கப்பொண்ணு தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். கைகளால் தரையைத் துழாவினான். பாட்டில் தட்டுப்பட்டது. பென்சில் இல்லை. கத்தரிக்கோல் இல்லை. மூலையில் தாள் சரசரத்தது. கொஞ்சமாகக் கிடந்த தாளின் சரசரப்பு இல்லை அது. நிறையத் தாள். சேர்ந்து அசைகிற தாள்.

"பவளம்" என்றான்.

சரசரப்பு நின்றது.

"வேலை..." என்றான். "வேலை முடிஞ்சது..."

எந்திரிச்சுப் போ என்று சொல்ல வேண்டும். வாய் அதற்குத் திறக்கவில்லை. சுடுகாட்டில் தீ வைக்கும்போதுகூட அவன் போ என்று சொல்லவில்லை.

"முடியலப்பா."

மூச்சு இல்லாத குரல். தாளை உதறினால் வருகிற சத்தம் பேச்சானது மாதிரி. ஆனால் அந்த இழுப்பு அவளுடையது. தாள் தீர்ந்துபோனால் சிணுங்குவாளே, அந்த இழுப்பு.

"எல்லாம் ஒட்டிட்டேன். கண்ணுதான் சரியா வரல. எந்தத் தாள்ல வெட்டினாலும் தெரிய மாட்டேங்குது. இருட்டா இருக்குப்பா."

எத்தனை நாளாக இருட்டிலேயே உட்கார்ந்து வெட்டினாள். எம் பிள்ளை. வெளியே தங்கப்பொண்ணு கையைத் தட்டினாள். சத்தம் கொடுத்தாள்.

"சொல்லிட்டியா? ஏய்யா, சொல்லிட்டியா?"

அவன் சொல்லவில்லை.

ஏதோ ஒன்று அவன் முன்னால் வந்து உட்கார்ந்தது. கனமே இல்லை. முழங்காலில் ஒரு கை ஊன்றியது. காய்ந்த, சொரசொரப்பான, பசை மணக்கிற கை. நகம் குளிர்ந்தது.

"ஆடாதீங்கப்பா. கோடு கோணிரும்."

பென்சில் முனை அவன் புருவத்துக்கு அடியில் தொட்டது. மெதுவாக நகர்ந்தது. கண்ணின் ஓரம். கீழ் இமை. மூக்குத் தண்டு. மறுபடியும் மேலே. அவசரமில்லாத கை. அழகான கை.

வெளியே கதவை இடித்தார்கள். இழுத்தார்கள். கதவு திறக்கவில்லை. அதன் இடுக்கெல்லாம் பசை ஒழுகி இறுகியிருந்தது.

முத்திருளன் மூச்சை அடக்கினான். கோடு கோணக் கூடாது.

பஸ் நிலையத்தை விட்டு ஒரு பஸ் திரும்பியது. அதன் வெளிச்சம் மேல் சன்னல் வழியாக அறைக்குள் விழுந்து சுவரில் நகர்ந்தது. அப்போதுதான் அவளைப் பார்த்தான். வெள்ளைத் தாளில் ஒட்டிய கன்னம். நாள்காட்டித் தாளில் கழுத்து, அதில் இன்னும் தேதிகள். சேலைப் பார்டரில் உதடு. அம்மாவின் முடி, இரட்டைச் சடையாக. கோணல் காது. அம்புட்டும் அவள். எம்புட்டு அழகு.

கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை. சுத்தமாக வெட்டிய ஓட்டை. பஸ் வெளிச்சம் பின்னாலிருந்து அந்த ஓட்டைகளின் வழியாக வந்து, அவன் முகத்தில் இரண்டு வட்டமாக, பென்சில் கோட்டுக்குள் அளவெடுத்த மாதிரி விழுந்தது.

கத்தரிக்கோல் திறந்தது.

அவன் இமைக்காமல் இருந்தான்.