ஆறு டீயும் ஒரு கல்லீரலும்

மனிதனின் வயிற்றுக்குள் ஒன்றரைக் கிலோ எடையில் ஒரு கல்லீரல் இருக்கிறது என்பதே கயலுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதில் பாதியை வெட்டி எடுத்து இன்னொருவருக்கு வைத்தாலும், மிச்சம் இருப்பது சில வாரங்களில் வளர்ந்துவிடும் என்று மதுரை டாக்டரம்மா சொன்னபோது, திறந்த வாயை அவள் மூடவே இல்லை.

"பல்லி வால் மாதிரியா டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். "கிட்டத்தட்ட அப்படித்தான்."

கயலுக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் அப்பா நாகராஜ் கம்பத்தில் ஒரு சின்ன லாரி வைத்திருக்கிறார். ஊரில் அதைக் குட்டியானை என்பார்கள். சுருளிப்பட்டித் தோட்டங்களிலிருந்து திராட்சைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு தினமும் தேனிக்குப் போவார்.

அப்பாவின் அக்கா ராஜாத்தி அத்தைக்குக் கல்லீரல் கெட்டுப்போய் ஒரு வருடமாகிறது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. கால்கள் வீங்கிவிட்டன. வேறு கல்லீரல் வைத்தால்தான் பிழைப்பார் என்று சொல்லிவிட்டார்கள். சோதித்துப் பார்த்ததில் அப்பாவுடையது பொருந்தியது.

"எங்கக்காவுக்கு என்னோடதையே எடுத்துக்கங்க," என்று அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டார், ஏதோ ஊசி போட்டுக்கொள்ளப் போவது போல.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார்.

"உங்க கல்லீரல்ல கொழுப்பு ஏறியிருக்கு நாகராஜ். இப்படியே எடுத்தா உங்களுக்கும் ஆபத்து, அவங்களுக்கும் அது சரியா வேலை செய்யாது. எட்டு வாரம் தர்றேன். ஆறு கிலோ குறைச்சுட்டு வாங்க."

"அதுவரைக்கும் எங்கக்கா?"

"தாங்குவாங்க. அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

பக்கத்து அறையில் இருந்த உணவு ஆலோசகர் ஒரு பட்டியலைக் கொடுத்தார். எந்தச் சாப்பாட்டில் எத்தனை கலோரி என்று அதில் அச்சடித்திருந்தது. "ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐநூறு கலோரி. வாயில எது போனாலும் எழுதி வைங்க," என்றார்.

ஊர் திரும்பும் வழியில் அப்பா கேட்டார், "கலோரின்னா என்ன ஆத்தா?"

"தெரியலைப்பா. நாளைக்கு டீச்சர்கிட்ட கேட்டுட்டு வாரேன்."

மறுநாள் அறிவியல் டீச்சர் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு நிலக்கடலையை ஊசியில் குத்தினார். தீக்குச்சியால் அதைப் பற்ற வைத்து, அதற்கு மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றிய சோதனைக் குழாயைப் பிடித்தார்.

ஒரே ஒரு கடலை. முதலில் எல்லோரும் சிரித்தார்கள்.

கடலை அகல்விளக்கு மாதிரி எரிந்தது. அணைந்துவிடும், அணைந்துவிடும் என்று பார்த்தால் ஒரு நிமிடம் தாண்டியும் எரிந்தது. குழாய்க்குள் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. அப்புறம் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"இந்த ஒரு கடலைக்குள்ள இவ்வளவு சூடு இருக்கு. அதை அளக்குறதுதான் கலோரி. ஒரு கடலையில ஏறக்குறைய நாலு கலோரி," என்றார் டீச்சர்.

"அப்ப நம்ம உடம்புக்குள்ளயும் தீ எரியுதா டீச்சர்?"

"தீ இல்லாமலே எரியுது கயல். புகை கிடையாது, வெளிச்சம் கிடையாது. நீ தூங்கும்போதும் எரியுது. எரிஞ்சது போக மிஞ்சினதை உடம்பு கொழுப்பாச் சேத்து வைக்கும்."

"கம்மியாச் சாப்பிட்டா?"

"சேத்து வெச்சதை எடுத்து எரிக்கும்."

சாயங்காலம் கயல் தன் உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது. காலையில் தின்ற இட்லிதான் இந்தச் சூடா? தெருவில் படுத்திருந்த நாயைத் தொட்டுப் பார்த்தாள். அதுவும் கதகதப்பு. பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியும் கதகதப்பு. கம்பத்தில் இருக்கிற அத்தனை உயிருக்குள்ளும் சத்தமில்லாமல் ஓர் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. இத்தனை நாள் இது தெரியாமலா இருந்தோம் என்று அவளுக்குச் சிலிர்த்தது.

அன்றே ஒரு நோட்டில் கோடு போட்டாள். ஒரு பக்கம் சாப்பாடு, எதிரே கலோரி. அம்மா மாரீஸ்வரி சோற்றைக் கிண்ணத்தால் அளந்து வைத்தார். ஆறு இட்லி தின்கிற அப்பாவுக்கு மூன்று. அவர் மூன்றாவது இட்லியைப் பிட்டுப் பிட்டு ஒன்பதாக்கித் தின்றார்.

கயல் தனக்கும் ஒரு பக்கம் கோடு போட்டாள். அம்மா அந்தப் பக்கத்தை அப்படியே கிழித்துவிட்டார்.

"வளர்ற பிள்ளைக்கு நோட்டும் கிடையாது, கணக்கும் கிடையாது. அந்த ஆலோசகரம்மாவும் அதைத்தான் சொன்னாக. நீ பசிக்கிற மட்டும் தின்னு."

இரண்டு வாரம் போனது. நோட்டில் எந்த நாளும் ஆயிரத்து ஐநூறைத் தாண்டவில்லை. மருந்துக்கடை எடைக்கருவியில் அப்பா ஏறி நின்றார். எண்பத்தாறு. முதல் நாளும் அதே எண்பத்தாறுதான்.

"மிஷினு கோளாறா இருக்கும்," என்றார் அம்மா. அவர் ஏறிப் பார்த்தார். அவருடைய எடையைச் சரியாகத்தான் காட்டியது. சட்டென்று இறங்கிவிட்டார்.

"என் உடம்பு வாகே இப்படித்தான் போல," என்றார் அப்பா. "எங்கக்காவுக்குக் குடுத்து வைக்கலை." வண்டியில் ஏறி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

அப்பா அப்படி உட்கார்ந்து கயல் பார்த்ததில்லை. அவள் நோட்டைப் புரட்டினாள். காலைச் சாப்பாடு இருந்தது, ராத்திரிச் சாப்பாடு இருந்தது, கட்டிக்கொண்டு போன மதியச் சாப்பாடும் இருந்தது. எல்லாம் வீட்டில் சமைத்தது. ஆனால் அப்பா பகல் முழுக்க வீட்டில் இல்லையே.

"அப்பா, ஞாயித்துக்கிழமை நானும் வண்டியில வரட்டா?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். கம்பத்தை விட்டு வெளியேறும் முன்பே ஒச்சாண்டி மாமாவின் டீக்கடையில் வண்டி நின்றது. அப்பா எதுவும் கேட்கவில்லை. டீயும் பருப்பு வடையும் தானாக வந்தன. கயல் நோட்டை எடுத்தாள்.

"என்ன ஆத்தா எழுதுற?"

"டீயும் வடையும்ப்பா."

"டீயெல்லாம் சாப்பாடா?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார். கயல் பட்டியலைக் காட்டினாள். சர்க்கரை போட்ட பால் டீ, தொண்ணூறு. அப்பா கண்ணாடி டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், உள்ளே வேறு ஏதாவது கிடக்கிறதா என்பது போல.

சின்னமனூர் வாழைக்காய் மண்டியில் டீ, இரண்டு பஜ்ஜி. தேனியில் பெட்டி இறக்கும் வினோத்ராஜ் அண்ணன் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். வேறொருவரிடம் சண்டை போட்டுக்கொண்டே இன்னொரு டீயும் வாங்கிக் கொடுத்தார். பெரியகுளத்தில் ஒன்று. எங்கேயும் அப்பா கேட்டு வாங்கவில்லை. அவரைக் கண்டதும் எல்லோர் முகமும் மலர்ந்தது, கை தானாக நீண்டது.

"வேணாம்னு சொல்லலாம்லப்பா."

"ஆசையாக் குடுக்குறாக. எப்படிச் சொல்றது?"

"ஆபரேசனைச் சொல்லுங்க."

அப்பா வெட்கத்தோடு தலையைச் சொறிந்தார். "கூடப் பிறந்தவளுக்குச் செய்யிறதைத் தம்பட்டம் அடிச்சுக்கிட்டா திரிவாக?"

கடைசியாக, பூண்டு ஏற்ற வடுகபட்டிக்குப் போனார்கள். மண்டிக்காரர் சோணையம்மாள் பெரிய பித்தளைத் தம்ளரில் டீயும் ஒரு தட்டு முறுக்கும் கொண்டுவந்து வைத்தார்.

கயல் கூட்டிப் பார்த்தாள். ஆறு டீ. வடை, பஜ்ஜி. முறுக்கைச் சேர்க்காமலே தொள்ளாயிரத்தைத் தாண்டியது. நோட்டை அப்பா முன்னால் திருப்பி வைத்தாள். அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். கடலை எரிந்தபோது வகுப்பில் எல்லோரும் இருந்தார்களே, அப்படி இருந்தது அவர் முகம்.

"ஏ நாகராசு, முறுக்கை எடு," என்றார் சோணையம்மாள். "ஏன் இப்படி இளைச்சுப்போன?"

"இளைக்கவே இல்லை பெரியம்மா. அதுதான் பிரச்சினை," என்றாள் கயல்.

அப்பா அவளைப் பார்த்தார். கயலும் அவரைப் பார்த்தாள். "சொல்லட்டாப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவர் சரியென்று தலையை ஆட்டினார்.

"எங்க ராஜாத்தி அத்தைக்கு அப்பா தன் ஈரல்ல பாதியக் குடுக்கப் போறாக. ஆனா அதுல கொழுப்பு இருக்காம். ஆறு கிலோ குறையலைன்னா டாக்டர் எடுக்க மாட்டாகளாம். இன்னும் ஆறு வாரந்தான் இருக்கு."

சோணையம்மாள் பூண்டு மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். தினமும் வந்து போகிற நாகராஜை அவர்கள் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். அப்பா எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேலே தகரக் கூரையைப் பார்த்தார்.

சோணையம்மாள் எழுந்தார். அப்பா முன்னால் இருந்த தட்டை எடுத்துக் கயல் மடியில் வைத்தார். "இது உனக்கு. எம்புட்டு முறுக்குக் குடுத்தேன் இவனுக்கு. பாவி, ஒரு வார்த்தை சொன்னானா?"

அந்தப் பக்கத்தில் ஒரு சேதி குட்டியானையை விட வேகமாகப் போகும். மறுநாள் அப்பா போவதற்கு முன்பே சேதி எல்லா நிறுத்தத்துக்கும் போய்விட்டது. ஒச்சாண்டி மாமா பாலும் சர்க்கரையும் இல்லாத கட்டஞ்சாயாவை நீட்டினார். மண்டியில் அப்பா தலை தெரிந்ததும் பஜ்ஜித் தட்டைச் சாக்கு போட்டு மூடினார்கள். வினோத்ராஜ் அண்ணன் வண்டியைத் தூரத்தில் நிறுத்தச் சொல்லி அவரை நடக்கவைத்தார். ஒருவர் போன் செய்து, "பாப்பா, உங்கப்பா ஒரு வெள்ளரிக்காய் தின்னாரு, எழுதிக்க," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

எடைக்கருவியின் முள் அசைந்தது. எண்பத்தைந்து. எண்பத்து மூன்றரை. ஒவ்வொரு முறையும் கயல் அப்பாவை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள். எங்கே போனது அந்த எடை? யாரும் வெட்டவில்லை, கரைத்து ஊற்றவில்லை. எரிந்திருக்கிறது. அவர் பெட்டி தூக்கியபோதும், தூங்கியபோதும், தன்னைப் பார்த்துச் சிரித்தபோதும் எரிந்திருக்கிறது.

எட்டாவது வாரம் மதுரையில் எடை பார்த்தார்கள். எண்பது புள்ளி ஒன்பது. இன்னும் ஏறக்குறைய ஒரு கிலோ மிச்சம் இருந்தது.

கயலுக்கு அழுகை முட்டியது. அப்பா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டாக்டர் எடைச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு ஸ்கேன் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"இது அப்போ எடுத்தது, இது இப்போ எடுத்தது."

பழைய படத்தில் கல்லீரல் பால் கொட்டினது போல வெளுத்துக் கிடந்தது. புதிய படத்தில் கழுவின சிலேட்டு மாதிரி இருந்தது.

"பலருக்கு உடம்பு இளைக்கிறப்போ கல்லீரல் கொழுப்புத்தான் முதல்ல கரையும். இது போதும். அடுத்த வாரம் ஆபரேஷன் வெச்சுக்கலாம்."

அப்பா எழுந்தார். கும்பிட்டார். டாக்டரைக் கும்பிட்டுவிட்டு, திரும்பி, கயலையும் கும்பிட்டார். "ஐயே, என்னப்பா," என்று அவள் அவர் கைகளைப் பிடித்து இறக்கினாள்.

ஆபரேஷன் பத்து மணி நேரத்துக்கு மேல் நடந்தது. இரண்டு மாதம் கழித்து அப்பாவுக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரல் ஏறக்குறைய பழைய அளவுக்கு வளர்ந்திருந்தது.

"இவ்வளவும் எதுல இருந்து டாக்டர் வளந்துச்சு?" என்று கேட்டாள் கயல்.

"உங்க அப்பா சாப்பிட்ட சோத்துல இருந்துதான்."

சோறு ஈரலாகிறது. அதை நினைத்து முடிக்கவே அவளுக்கு நிறைய நேரம் வேண்டியிருந்தது.

பரிசோதனை முடிந்து எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அத்தை தங்கியிருந்த வாடகை அறைக்குப் போனார்கள். முகக்கவசத்துக்கு மேலே அத்தையின் கண்கள் தெரிந்தன. மஞ்சள் போயிருந்தது. சுத்தமான வெள்ளை. கயல் கிட்டே போய், நகராமல் நின்று, அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி அப்படிப் பாக்குற?" என்றார் அத்தை. பிறகு அம்மாவின் கையிலிருந்த தூக்குவாளியைப் பார்த்தார். "மாரி, என்ன கொண்டாந்த? எனக்குப் பசிக்குது."

நோய் வந்த நாளிலிருந்து அத்தை அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. அம்மா அவசரமாக இழுத்ததில் மூடி இறுகிக்கொண்டது. அப்பா வாங்கித் திறந்தார். கயல் ஓடிப்போய்த் தட்டை எடுத்துவந்தாள்.