யாருக்கும் வேண்டாத நாலடி

எல்லைக் கல்லைக் கட்டிப்பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார் டைல்ஸ் கடைக்காரர்.

சர்வேயரின் ஜீப் தெருமுனையில் திரும்பிவிட்டது.

இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்...

உலகத்தில் எல்லோரும் கல்லைப் பக்கத்து வீட்டுக்காரன் இடத்துக்குள் தள்ளுவார்கள். இவர் தன் வீட்டுப் பக்கமாக இழுத்தார்!

நாலடி நிலம் போனால் போகட்டும். அதற்குக் கீழேதான் அவருடைய பார்ட்னர் படுத்திருக்கிறான். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனதாக இவர் எல்லோரிடமும் சொன்ன பார்ட்னர்.

மனைவிக்கோ கூடுதலாக ஓர் அறை வேண்டும். அஸ்திவாரம் தோண்ட வேண்டும். சர்வேயரை வரவழைத்ததே அவள்தான்.

சர்வேயர் அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"கல்லு நகர்ந்திருக்கு சார். உங்க இடம் நாலடி பக்கத்து வீட்டுல சேர்ந்திருக்கு."

"பாத்தீங்களா?" மனைவி இடுப்பில் கை வைத்தாள். "அந்த டாக்டர் பல்லை மட்டுமா புடுங்குறார்?"

"விடும்மா. அவரே வெச்சுக்கட்டும்."

மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லையே. உடைஞ்ச டைல்ஸைக்கூட சும்மா தர மாட்டீங்களே?"

அதற்குள் பக்கத்து வீட்டுப் பல் டாக்டரே ஓடிவந்தார். சண்டைக்கு அல்ல!

"உங்க இடம் எனக்கெதுக்கு? நீங்களே எடுத்துக்குங்க."

"இல்ல டாக்டர், நீங்க..."

"ஐயையோ, நீங்கதான்..."

பஸ்ஸில் டிக்கெட் எடுக்க மல்லுக்கட்டும் சிநேகிதர்கள் மாதிரி இருந்தது.

சர்வேயர் கண் கலங்கினார். "சாண் நிலத்துக்கு மண்டையை உடைச்சுக்கிறவங்களைத்தான் பாத்திருக்கேன். நீங்க ரெண்டு பேரும் தெய்வம் சார். கல்லை மறுபடி நகராத மாதிரி ஆழமா நட்டுடறேன்."

"ஆழமாவா?"

இரண்டு குரல்கள். ஒரே நேரத்தில்.

சர்வேயரின் ஆள், கல் முதலில் இருந்த பழைய குழியில் கடப்பாரையைப் போட்டான்.

ணங்!

மண்ணோடு வந்தது... ஒரு தாடை. அதில் ஒரு தங்கப் பல் பளபளத்தது.

மனைவி அலறினாள். "டாக்டர்... வெளிநாடு போன உங்க மச்சினன் பல்லு மாதிரியே இருக்கே?"

டாக்டர் அசரவில்லை. "யாரு பல்லோ என்னவோ. கிடைச்சது யார் இடத்துல? அதைத்தான் சார் அளந்தே சொல்லிட்டாரே."

"வாஸ்தவம்தான்." சர்வேயர் டைல்ஸ் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "போலீஸ் உங்களைத்தான் கேக்கும் சார்."

டைல்ஸ் கடைக்காரருக்கு ரத்தம் கொதித்தது. செய்யாத கொலைக்கு ஜெயிலா?

"அநியாயமா பேசாதீங்க சார். இது அவரோடது. என்னோடது ரெண்டடி தள்ளியில்ல இருக்கு!"



சர்வேயர் மெதுவாக டேப்பைச் சுருட்டினார்.

"ரெண்டடி தள்ளி ஒரு அடையாளம் போடுப்பா. இப்பதான் ரெண்டு பேர் பாகமும் சரியா பிரிஞ்சிருக்கு."