லிஃப்டில் ஒரு பூதம் வந்து சேரவில்லை!

டிரிங்... டிரிங்...

கடையைத் திறந்து ஃபேனைப் போடுவதற்குள் செல்போன் அலறியது.

காமிக்ஸ் கடைக்காரர் எடுத்தார்.

"ஹலோ..."

"கொன்னுட்டீங்களேய்யா!"

பல் டாக்டரின் குரல். ஊரில் பாதிப் பேருடைய பல்லை அசராமல் பிடுங்கிய மனிதர். அவருடைய குரலே இன்று நடுங்கியது!

"டாக்டர்... என்ன ஆச்சு? பார்சல் வந்துச்சா?"

"வந்துச்சு! பெட்டிக்குள்ள பெட்டி, அதுக்குள்ள அட்டை, அட்டைக்குள்ள பிளாஸ்டிக் உறை... எல்லாம் வந்துச்சு. உறைக்குள்ள என் பூதத்தைக் காணோம்!"

"காணோமா?"

"அதுக்குப் பதிலா வாஷிங் மெஷினை எப்படி ஓட்டறதுன்னு ஒரு புத்தகம் இருக்கு! பன்னிரண்டு மொழியில!"

கடைக்காரர் ஸ்டூலைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

'லிஃப்டில் ஒரு பூதம்', முதல் இதழ். லிஃப்ட் கதவைப் பிளந்துகொண்டு ஒரு பச்சைப் பூதம் எட்டிப் பார்க்கும் அட்டை. அச்சானதே கொஞ்சம். அட்டை கிழியாமல், ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்காமல் மிஞ்சியது அதைவிடக் கொஞ்சம். அதில் ஒன்றைத்தான் முழு விலையும் முன்கூட்டியே அனுப்பி டாக்டர் வாங்கியிருந்தார். அதற்காகக் கிளினிக்கில் கண்ணாடி அலமாரிகூடச் செய்து வைத்துவிட்டார். பூட்டோடு!

 கடைக்காரர் ஒரு விசித்திரமான கேள்வி கேட்டார்.

"டாக்டர்... இந்த வாரம் உங்களுக்குத் தபால்ல வேற ஏதாவது வந்துச்சா?"

"கரண்ட் பில் வந்துச்சு! ஏன், பூதம் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கா?"

"இல்ல... சும்மா கேட்டேன்..."

"இதோ பாருங்க. சாயங்காலம் வரைக்கும் டைம். அதுக்குள்ள என் பூதம் எங்கேன்னு பதில் வரல... நம்ம சேகரிப்பாளர் வாட்ஸ்அப் குரூப்ல உங்க பேரைப் போட்டு நாற அடிச்சுடுவேன்!"

லைன் கட்.



இந்தத் தொழிலில் கடை என்பது அலமாரியும் ஷட்டரும் இல்லை. பெயர்தான் கடை. முகம் பார்த்திராத ஆசாமிகள் பணத்தை முதலில் அனுப்பிவிட்டுப் பார்சலுக்காகக் காத்திருப்பார்கள். 'திருடன்' என்று ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும்... கதை கந்தல்!

போதாக்குறைக்கு மனைவி வேறு. கடைக்காரர் பேங்க் வேலையை விட்டுவிட்டுக் காமிக்ஸ் விற்கப் போகிறேன் என்று சொன்னபோது, அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "நாணயமா நடத்துங்க. அதுல கோணல் வந்த அன்னைக்கு இந்த ஷட்டரை நானே இழுத்து மூடுவேன்!"

அந்த மனைவி இப்போது பின்னால் நின்று அலமாரியில் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருங்க போன்ல?"

"பல் டாக்டர்..."

"அவருக்கு என்ன வலி?"

"வலி எனக்கு!" என்றார் கடைக்காரர். கூரியருக்குக் கட்டிய இன்சூரன்ஸ் ரசீதைத் தேடி எடுத்து, அதிலிருந்த நம்பரை அழுத்தினார்.

*

இன்சூரன்ஸ் தொகை பெரியது. அதனால் ஆளும் சீக்கிரமே வந்தாள்.

குள்ளமான பெண். தோளில் பை. வாயில் பெப்பர்மின்ட். தன்னை விசாரணை அதிகாரி என்று சொல்லிக்கொண்டு கார்டை நீட்டினாள்.

"பார்சலைக் கட்டினது யாரு ஸார்?"

"நான்தான் மேடம். இந்த ரெண்டு கைதான்! காமிக்ஸை வேற யாரையும் தொட விடமாட்டேன்."

"எப்படிக் கட்டுவீங்க? செஞ்சு காட்டுங்க."

அவ்வளவுதான்! கடைக்காரர் கவலையை மறந்தார். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தார். ஒரு பழைய காமிக்ஸை உறையில் நுழைத்தார். முதுகுக்கு வெள்ளை அட்டை. இரண்டு பக்கமும் தடி அட்டை. சின்னப் பெட்டி. சுற்றிலும் காற்றுக் குமிழி பிளாஸ்டிக். அதற்கு மேல் பெரிய பெட்டி.

"இங்க பாருங்க மேடம், இதுதான் முக்கியம். டேப்போட நுனியை இப்படி மடிச்சு விடுவேன். பிரிக்கிறவர் கத்தியே எடுக்க வேணாம். நுனியைப் பிடிச்சு இழுத்தா வந்துடும். கத்தி பட்டா அட்டைப்படம் போச்சே! இந்த மடிப்பைப் போடறது இந்தத் தொழில்லயே நான் ஒருத்தன்தான்!"

"அப்படியா!" என்று பெப்பர்மின்டைக் கன்னம் மாற்றினாள் அதிகாரி. "கூரியர் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனது?"

"என் மச்சினன்."

மச்சினன் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தான். முப்பத்தைந்து வயது. கையில் பிஸ்கட் பாக்கெட். முகத்தில் அச்சு அசல் திருட்டு முழி!

"பார்சலை எங்க குடுத்தீங்க?"

"எந்தப் பார்சலை?"

அதிகாரியின் வாயில் பெப்பர்மின்ட் நின்றது.

"எந்தப் பார்சலையா? எத்தனை இருந்துச்சு?"

"ஒ... ஒண்ணுதான் மேடம்!"

அவன் ஓரக்கண்ணால் அக்காவைப் பார்த்தான். அக்கா முறைத்தாள். அவன் அவசரமாக ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டு அடைத்துக்கொண்டான்.

"என்ன இன்சூரன்ஸ் எடுத்தீங்க?"

"அத்தான் சொன்ன மாதிரியே முழு மதிப்புக்கும் எடுத்தேன். பெட்டி மேல சிவப்பு ஸ்டிக்கர்கூட ஒட்டினாங்க. 'விலை உயர்ந்த பொருள்'னு."

அதிகாரி எழுதவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். மச்சினனுக்கு மூக்கில் வியர்த்தது.

அதற்குள் அவளுடைய போனுக்கு, டாக்டரிடம் கேட்டிருந்த ஒரு வீடியோ வந்து விழுந்தது. விலை உயர்ந்த காமிக்ஸ் வாங்குகிறவர்கள் பார்சலைப் பிரிக்கும்போது படம் பிடித்து வைப்பது வழக்கம். பல் டாக்டரும் பிடித்திருந்தார்.

அவள் ஒரு தரம் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"ஸார்... வழியில யாரும் இந்தப் பார்சலைத் தொடவே இல்ல!"

"எ... எப்படிச் சொல்றீங்க?"

"உங்க மடிப்பு! பெரிய பெட்டியில இருக்கு. சின்னப் பெட்டியில இருக்கு. உறையிலயும் இருக்கு. டாக்டர் கத்தியே எடுக்கல, பிடிச்சு இழுக்கிறாரு, வந்துடுது. வழியில பிரிச்ச திருடன் உங்ககிட்ட டியூஷன் படிச்சிருந்தாத்தான் இது நடக்கும்."

கடைக்காரர் மேஜையிலிருந்த தன் மடிப்பைப் பார்த்தார்.

"அந்த வாஷிங் மெஷின் புத்தகம் இந்தக் கடையிலிருந்துதான் போயிருக்கு!"

"மேடம்..." என்று மெல்லக் குறுக்கிட்டாள் மனைவி. "அந்தப் புத்தகத்தோட அட்டை என்ன கலர்?"

"நீலம்."

"நம்ம மெஷினோடதும் நீலம்தாங்க! ஒரு வாரமா வீடெல்லாம் தேடிட்டிருக்கேன்..."

கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஒன்றும் அறியாதவளைப் போல மறுபடியும் தூசி தட்டினாள்.

அதிகாரி பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். மேலே பேனா.

"விஷயம் சுலபம் ஸார். காமிக்ஸை உள்ளே வெச்சு மச்சினன் கையில குடுத்தேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. பக்கத்திலேயே இருந்த ஆளு உங்க மடிப்பைக் கத்துக்கிட்டிருக்கலாம். இவரை நாங்க போலீஸ்ல விசாரிச்சுக்கறோம். உங்களுக்கு முழுத் தொகையும் வந்துடும். டாக்டருக்குத் திருப்பிக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க."

மச்சினனின் வாயிலிருந்து பாதி பிஸ்கட் விழுந்தது.

"அத்தான்! நான் எடுக்கல அத்தான்! எனக்கு அந்த மடிப்பெல்லாம் வராது! நான் டேப்பைப் பல்லால கடிச்சுக் கிழிக்கிற ஆளு!"

கடைக்காரர் பேனாவை எடுத்தார்.

ஒரு கையெழுத்து! பணம் வரும். பெயர் பிழைக்கும். கடை பிழைக்கும். மச்சினனுக்கு எப்படியும் வேலை இல்லை, நாலு நாள் உள்ளே இருந்தால்தான் என்ன...

அவர் நிமிர்ந்தார். மனைவி தூசி தட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். 



"முடியாது மேடம்!" பேனாவை வீசினார் கடைக்காரர். "இவன் நிரபராதி. அந்தப் புத்தகத்தை உள்ளே வெச்சது நான்தான்!"

"அப்ப பூதம்?"

"சாதா தபால்ல அனுப்பிட்டேன்."

அதிகாரி பெப்பர்மின்டை முழுங்கிவிட்டாள்.

"திரும்பச் சொல்லுங்க!"

"சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டின பெட்டி திருடனைக் கைதட்டிக் கூப்பிடும் மேடம்! அதனால அதுக்குள்ள டூப்பை வெச்சேன். நிஜத்தை ஒரு சாதாரண கவர்ல போட்டு, மேல 'பழைய பாடக் குறிப்பு'ன்னு எழுதி, நானே தபால்ல போட்டேன். அதை எந்தத் திருடன் தொடுவான்?"

அதிகாரி தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாஷிங் மெஷின் புத்தகத்துக்கு முழு இன்சூரன்ஸ். பொக்கிஷத்துக்கு வெறும் ஸ்டாம்ப். இதை யோசிக்க எவ்வளவு நாள் ஆச்சு?"

"ஒரு வாரம்..."

"தனியாவா?"

கடைக்காரருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"கவர்தான் முதல்ல போய்ச் சேரும், உடனே டாக்டருக்குப் போன் பண்ணி என் சாமர்த்தியத்தைச் சொல்லலாம்னு இருந்தேன். அது போய்ச் சேரவே இல்ல மேடம்! எங்கேயோ தொலைஞ்சுடுச்சு. காலைலயே உண்மையைச் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். டேய் மச்சினா... மன்னிச்சுக்கடா."

"பரவால்ல அத்தான்," என்று மூக்கை உறிஞ்சினான் மச்சினன். "நீங்க பேனாவை எடுத்தப்பதான் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு."

அதிகாரி தாளை நான்காகக் கிழித்தாள்.

"கையெழுத்துப் போட்டிருந்தா உங்களைத்தான் உள்ளே தள்ளியிருப்பேன் ஸார். மடிப்பைப் பார்த்தப்பவே ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. சொல்றீங்களான்னு பார்த்தேன். இன்சூரன்ஸ் பணம் கிடையாது. நான் வரேன்."

டிரிங்... டிரிங்...

செல்போன் மறுபடியும் அலறியது. பல் டாக்டர்!

கடைக்காரர் ஸ்பீக்கரைப் போட்டார். தலையைக் குனிந்துகொண்டார்.

"டாக்டர்... உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்..."

"அதெல்லாம் அப்புறம் சொல்லுங்க! பூதம் வந்துடுச்சுய்யா!"

"என்ன? தபால்லயா?"

"தபாலாவது! கூரியர்ல. ஆளே வந்தான். என் அடையாள அட்டையைப் பார்த்தான், என் மூஞ்சியைப் பார்த்தான், கையெழுத்து வாங்கிட்டு என் கையிலதான் குடுத்தான். முழு இன்சூரன்ஸ்! பூதம் மேல ஒரு கீறல்கூட இல்ல!"

கடைக்காரர் ஸ்டூலைத் தேடிப் பிடித்து மறுபடியும் உட்கார்ந்தார். 

"ஆனா ஒண்ணு," என்றார் டாக்டர். "இந்த டேப்பை யாரு ஒட்டினது? பல்லால கடிச்சிருக்காங்க. மேல் வரிசையில முன்பல் ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி இருக்கு. கிளினிக்குக்கு வரச் சொல்லுங்க, கிளிப் போட்டுடலாம்!"

மச்சினன் பட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

எல்லோரும் மனைவியின் பக்கம் திரும்பினார்கள்.

"என்ன பார்க்கறீங்க? கவரை ஒட்டி மேஜை மேல வெச்சுட்டு நீங்க குளிக்கப் போனீங்க. நம்ம வீட்டுல ஏது பாடக் குறிப்புன்னு உங்க மடிப்பைப் பிடிச்சு இழுத்தேன், வந்துடுச்சு. பூதத்தை வெளியே எடுத்தேன். திரும்ப ஒட்டினேன், ஒட்டிக்கிச்சு."

"அடிப்பாவி..."

"தம்பியைக் கூட்டிட்டு மூணு கூரியர் கம்பெனி ஏறி இறங்கினேன். முதல் ரெண்டுலயும் 'பழைய புத்தகமா? தொலைஞ்சா எடைக்குத்தான் காசு'ன்னாங்க. மூணாவது ஆளுங்கதான் போட்டோ கேட்டாங்க, விலைச் சான்று கேட்டாங்க, முழு மதிப்புக்கும் எழுதிக் குடுத்தாங்க. அதுக்குத்தான் லேட்டு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா? ஒரு வாரம் யோசிச்ச திட்டத்தை மூணு வாரம் விளக்குவீங்க! இன்னைக்குக் காலைல சொல்லியிருக்கலாம்தான்... ஆனா நீங்க இன்சூரன்ஸுக்குப் போன் போட்டீங்களே, அப்ப எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. எதுவரைக்கும் போறீங்கன்னு பார்த்தேன். அந்தப் பேனாவை வீசினீங்க பாருங்க, அப்பதாங்க எனக்கு மூச்சே வந்துச்சு."

 கடைக்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மச்சினன் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பி அடுத்த பிஸ்கட்டை எடுத்தான்.

வாசல் வரை போன அதிகாரி நின்றாள். தொழில் புத்தி அரித்தது.

"ஒரு சந்தேகம் மேடம். அப்ப சாதா தபால்ல போய்த் தொலைஞ்ச கவர்ல என்ன இருந்துச்சு?"

"அதுவா? கவர் காலியா இருந்தா இவருக்குத் தெரிஞ்சுடும் இல்லையா? அதே கனத்துல வீட்டுல ஒண்ணுதான் கிடைச்சுது. கல்யாணத்துக்கு முன்னாடி இவர் எனக்கு எழுதின கவிதைங்க!"

கடைக்காரர் துள்ளி எழுந்தார்.

"ஐயய்யோ! அது ஒரே பிரதியாச்சே! அதை இன்சூரன்ஸ் இல்லாமலா அனுப்பினே?"

மனைவி தூசித் துணியை உதறினாள்.

"அதையும் போன்ல படம் எடுத்து வெச்சு அந்த மூணு கம்பெனியிலயும் காட்டினேங்க. எடைக்குக்கூட வேணாம்னுட்டாங்க!"