கடைசி ஆள் வரும்வரை

நடைக் குழுவின் கூட்டம் கடந்து போய் வெகு நேரமாகியும் காலடிச் சத்தம் நிற்கவில்லை. அதுவும் கூட்டம் போன பக்கமாக அல்ல, வந்த பக்கமாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. மக்காச்சோளக் கொல்லையின் திருப்பத்தில் தனியாக நின்ற தையல்காரி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். உச்சி வெயில். பாதையில் ஓர் ஈ காக்கை இல்லை.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற பஸ் டிப்போ மேனேஜர், எல்லோருக்கும் கேப்டன். அவர் போட்ட சட்டம் இது: ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருவர் நின்று, பின்னால் வருகிறவர்களுக்குக் கை நீட்டி வழி காட்ட வேண்டும். எல்லோருக்கும் கடைசியில் வருகிற பல் டாக்டர் வந்ததும் அவரோடு கிளம்பலாம். அதுவரை இடியே விழுந்தாலும் அசையக் கூடாது. இந்தத் திருப்பத்தில் தையல்காரியை நிறுத்தியிருந்தார். முந்தைய திருப்பத்தில் அவள் தங்கையை.

தங்கைக்கு வர இஷ்டமே இல்லை. வேலை போன எட்டு மாதமாக அறைக்குள்ளேயே கிடந்தவளை, "கொஞ்சம் காத்தாட நடந்தா மனசு லேசாகும்டி" என்று இழுத்து வந்தது இவள்தான். வந்த இடத்தில் மெதுவாக நடக்கிறாள் என்று ஆளாளுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்கு ஒருத்தி பாட்டிலைப் பைக்குள் செருகிக்கொண்டாள். என்ன ஜென்மங்களோ!

பல் டாக்டர் வந்தார். தனியாக.

"என் தங்கச்சி எங்க?"

"அங்க யாருமே நிக்கலைங்க. முன்னாடியே போயிருப்பாங்க."

"இந்த வழியா அவ வரவே இல்ல. நான் இங்கயேதான் நிக்கிறேன்."

"ஒரு இடத்துல நிக்கத் தெரியாதவங்கள எதுக்குக் கூட்டிட்டு வர்றீங்க? எனக்குப் பின்னாடி யாரும் கிடையாது. வர்றதுன்னா வாங்க."

அவர் பாட்டுக்கு நடையைக் கட்டினார். தையல்காரி வந்த வழியே திரும்பினாள்.

இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் நின்ற பயிர், காற்று துளிகூட இல்லாமலே தோகையோடு தோகை உரசிச் சலசலத்தது. வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்ததுபோல ஒரு புழுங்கல் வாடை மண்ணிலிருந்து கிளம்பி மூக்கை அடைத்தது. பின்னாலிருந்து காலடிகள் நெருங்கின. விலகி வழிவிட்டாள். ஏதோ ஒரு தோள் அவள் தோளை இடித்துக்கொண்டு முன்னால் போனது. வேண்டுமென்றே இடித்த இடி. கண்ணுக்கு ஒருவரும் தெரியவில்லை.

ஓடினாள்.

திருப்பத்தில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். சட்டைக்குக் கை அளவு கொடுப்பவள் மாதிரி வலது கையை நேராக நீட்டியிருந்தாள். அந்தக் கை பாதையைக் காட்டவில்லை. கொல்லைக்குள் காட்டியது.

"அடியே, இங்கயா நிக்கிற? உயிரே போயிடுச்சு. வா, போலாம்."

"எப்படிக்கா வர்றது? இன்னும் ஆளுங்க வந்துட்டே இருக்காங்களே."

தங்கையின் முன்னால் புழுதியில் ஒரு வெறுங்கால் தடம் பதிந்தது. அடுத்து ஒன்று. அவள் கை காட்டிய பக்கம் திரும்பியது. பயிர் விலகி வழிவிட்டது.

"யாருடி இவங்க?"

"தெரியலக்கா. நல்லவங்க மாதிரி இல்ல. கையக் கீழ போடவே விட மாட்டேங்கறாங்க."

தையல்காரி அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். இம்மியும் இறங்கவில்லை. மணிக்கட்டில் சதை நாலு இடத்தில் குழிந்திருந்தது. யாரோ இறுக்கிப் பிடித்த விரல்களின் குழி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இன்னும் ஆழமானது.

நானல்லவா இவளை இழுத்து வந்தேன். பாவி நான்.

காலடிச் சத்தம் நின்றது.

தோகைகளும் நின்றன.

தங்கையின் கை மெல்லக் கீழே இறங்கியது. இறங்கி, அக்காவின் மணிக்கட்டைப் பற்றியது. ஐஸ் மாதிரிக் குளிர். தங்கை அழுதுகொண்டிருந்தாள். ஆனால் பிடி தளரவில்லை.

"கடைசி ஆள் வந்தாச்சாம்க்கா. இனிமே நான் கிளம்பலாமாம்."

"எங்கடி? யாரு வந்தது?"

"நீதான்."

கொல்லைக்குள் முதல் அடியைத் தங்கை வைத்தாள். தையல்காரி குதிகாலை மண்ணில் ஊன்றினாள். கத்தினாள். குரல் வெளியே வரவில்லை.

முதுகில் ஒரு கை பதிந்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் தோள், இடுப்பு, பிடரி என்று இடம் விடாமல் கைகள்.

எல்லாம் சேர்ந்து தள்ளின.