தொடர எஃப்-1 அழுத்தவும்

பத்மாவதி மைலோவைக் கலக்கிக்கொண்டு முன்னறைக்குத் திரும்பியபோது, அவள் போட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர் யாருக்கும் காத்திருக்காமல் தானாகவே விளையாட்டுக்குள் போயிருந்தது.

அது நடக்கக்கூடாத காரியம். அவள் கணவர் ஜெயராஜ் வேலை பார்த்த ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய பெட்டி அது. பொத்தானை அழுத்தினால் விசிறி இருமும், டிஸ்க் கரகரவென்று தொண்டையைச் செருமும், கறுப்புத் திரையில் எண்கள் ஓடும், கடைசியில் ஒரு 'பீப்' போட்டு அப்படியே நின்றுவிடும். கீபோர்டில் கோளாறு, தொடர எஃப்-1 அழுத்தவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கோளாறான கீபோர்டில் எப்படி அழுத்துவதாம்? எந்தப் புத்திசாலி எழுதினானோ! "கெழட்டுப் பய லா. தோளத் தட்டினாத்தான் எந்திரிப்பான்" என்று சிரித்துக்கொண்டே ஜெயராஜ் அந்த விசையைத் தட்டுவார். யாராவது தட்டுகிறவரைக்கும் அது அந்த வரியைத் தாண்டாது.

இப்போதோ தட்டுவதற்குக் கீபோர்டே கிடையாது. காலையில் பெட்டியைப் பழுதுபார்க்க வந்த கமால் அதைக் கழற்றி எடுத்துப்போய்விட்டான். மேசையில் அது இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு நீளக் கட்டம் மட்டும் தெரிந்தது. திரையில் ஜெயராஜும் மகளும் ஆடும் பாம்பு விளையாட்டு, பச்சைக் கோடாக, தொடங்கத் தயாராக நின்றது.

"ஷாமினி! நீ எதையாச்சும் தொட்டியா?"

"குளிக்கிறேம்மா."

குரல் வீட்டின் பின்கோடியிலிருந்து, தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவில் வந்தது. பத்மாவதி மைலோவைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போய் போனை எடுத்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. குயின் ஸ்ட்ரீட்டில் கேசட் கடைக்காரன் பாட்டை நிறுத்தியிருந்தான். பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மஹ்ரிப் பாங்கு தொடங்கியிருந்தது.

"வாய்ப்பே இல்லக்கா" என்றான் கமால். "கீபோர்டு இல்லன்னா யாரு அமுக்குறது? அங்கயே தான் நிக்கும்."

"நிக்கல தம்பி. உள்ள போயிருச்சு. கேம் வந்து நிக்குது."

அவன் சமாளித்தான். "பழைய போர்டு லா, ஷார்ட் ஆயிருக்கும். மழை வேற. பிளக்கப் புடுங்கிப் போட்டுருங்க. நாளைக்குக் கீபோர்டோட வரேன்."

பிளக்கைப் பிடுங்கினாள். விசிறி இழுத்து இழுத்து ஓய்ந்தது, பச்சைக் கோடு ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. வெறும் ஷார்ட் தான் என்று சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அந்த அறையில் நிற்கப் பிடிக்கவில்லை.

பெட்டியை விற்றுவிடலாம், தூக்கியே எறியலாம். அவளால் முடியாததற்குக் காரணம் மகள். ஜெயராஜின் மோட்டார் சைக்கிளைப் பட்டர்வொர்த்தில் லாரி அடித்து அவர் இறந்த நாளிலிருந்து ஷாமினி சரியாகச் சாப்பிடவில்லை. எட்டு வயதுப் பிள்ளையின் தோள் எலும்பு பள்ளிச் சீருடைக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. ஒரு வாய் சோற்றைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பாள். டாக்டர் டானிக் எழுதிக் கொடுத்தார். பத்மாவதி கெஞ்சினாள், திட்டினாள், ஒருநாள் அடித்தும்விட்டாள். அதற்கப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள். சாயங்காலமானால் ஷாமினி போய் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாற்காலியில் ஏறமாட்டாள். அதில் அப்பா உட்கார வேண்டும், அப்பா மடியில் அவள் உட்கார வேண்டும், அதுதான் அவர்கள் வழக்கம். ஜெயராஜ் கனத்த மனிதர். அவர் உட்கார்ந்தால் குஷன் பலகையோடு அமுங்கிப்போகும், எழுந்தபிறகு 'புஸ்' என்று மூச்சு விட்டுக்கொண்டு மெல்ல மெல்ல மேலே வரும். அதைப் பார்த்து ஷாமினி கைதட்டிச் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு திரும்ப வேண்டும், பிள்ளை ஒரு தட்டு சோறு தின்ன வேண்டும். பத்மாவதிக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. விளையாட்டு ஓடினால் மனசு மாறும் என்று நினைத்துத்தான் கமாலைக் கூப்பிட்டாள்.

பெட்டி படுத்தது பதினாறாம் நாள் படையலுக்கு மறுநாள். படையலை ஜெயராஜின் அக்கா வடிவம்மாள்தான் முன்னறையில் முன்னின்று போட்டாள். வாழையிலையில் அவருக்குப் பிடித்த நாசி கண்டார் சோறு, குழம்பு சொதசொதவென்று ஊற்றி. பக்கத்தில் ஒரு போத்தல் ஸ்டவுட் பீர், ஒரு பெட்டி கிராம்பு சிகரெட். "அவன் உசுரு பூரா இந்தப் பொட்டியிலதான் கெடந்துச்சு. இதையும் தொறந்து வை பத்மா" என்றாள் வடிவம்மாள். பத்மாவதி தொடக்கினாள். வழக்கம்போல அது எஃப்-1 வரியில் வந்து நின்றது. விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு, எல்லாரும் கூடத்தில் காத்திருந்தார்கள்.

பொறுமையில்லாமல் ஷாமினி கதவில் கை வைத்தபோது வடிவம்மாள் அவளைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "தட்டாம தொறக்கக்கூடாதுடி. தட்டினா, வந்த ஆவி சாப்புட்டது போதும்னு எந்திரிச்சுப் போயிரும். தட்டாம தொறந்தா அரைவயித்தோட எந்திரிக்கும். கையில இருக்கிறதக் கீழ வைக்காது, அதோட போயிரும்."

தட்டினார்கள், திறந்தார்கள். வடிவம்மாள் செம்புத் தண்ணீரைச் சுற்றி ஊற்றி, "போயிட்டு வா ராஜா" என்று அழுதபடி இலையை எடுத்தாள். போத்தலை எடுத்தாள், சிகரெட்டை எடுத்தாள், விளக்கை மலையேற்றினாள். படைத்ததெல்லாம் எடுத்தாயிற்று. கம்ப்யூட்டரை மட்டும் யாரும் அணைக்கவில்லை. அழுகையில் அது யார் கண்ணிலும் படவில்லை, இரவெல்லாம் ஓடி, விடிந்தபோது செத்துக் கிடந்தது.

இன்று காலை கமால் பாட்டரியை மாற்றி, ஒயர்களைக் கழற்றித் துடைத்துச் செருகி, அதற்கு உயிர் கொடுத்தான். பிறகு கீபோர்டைக் கவிழ்த்து உதறினான். மேசை முழுக்கச் சோற்றுப் பருக்கைகள் உதிர்ந்தன. மஞ்சளாக, குழம்பின் ஈரத்தோடு.

"சாப்புட்டுக்கிட்டே தட்டாதீங்கக்கா. ரோசாக் ஆகிக் கெட்டுப்போகாம என்ன செய்யும்?"

இந்த வீட்டில் யார் சாப்பிட்டார்கள்? ஷாமினியாக இருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டாள். இப்போது அடுப்படியில் வெங்காயம் நறுக்கும்போது அந்த ஈரம் நினைவுக்கு வந்தது. தலையை உதறிக்கொண்டு மீனை எண்ணெயில் போட்டாள்.

மழை கூரை ஓட்டில் கொட்டியது. கீழே மளிகைக் கடையின் சீரகமும் மிளகாயும் ஈரக் காற்றில் படியேறி வந்தன. மீன் சடசடத்தது. அந்த எல்லாச் சத்தத்துக்கும் ஊடே இன்னொரு சின்னச் சத்தம் கேட்டது. பாம்பு ஆப்பிளைத் தின்னும்போது வரும் 'டிக்'. கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு சிரிப்பு.

ஷாமினியின் சிரிப்பு! பத்மாவதி கரண்டியோடு அப்படியே நின்றாள். எத்தனை நாளாயிற்று இதைக் கேட்டு. நெஞ்சு நிறைந்து கண்ணில் வழிந்தது, வேறெதையும் யோசிக்க அங்கே இடமில்லை.

ஈரத் தலையோடு ஷாமினி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "பசிக்குதும்மா. அங்க வச்சுச் சாப்புடுறேன்."

பத்மாவதி தட்டு நிறையச் சோறு போட்டாள், இரண்டு துண்டு மீன் வைத்தாள், பிள்ளையின் கன்னத்தைத் தடவி அனுப்பினாள். முன்னறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் வெறும் தட்டு திரும்பி வந்தது.

"இன்னும் வேணும்."

"சாப்புடு கண்ணு. நல்லாச் சாப்புடு."

மறுபடியும் வெறும் தட்டு வந்தது, சோறு ஒட்டாமல் வழித்த தட்டு. ஷாமினியின் வயிறு கவுனுக்குள் உப்பியிருந்தது. உதட்டோரம் குழம்பு வழிந்திருந்தது. அதை அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"போதும்டா. வாந்தி வந்துரும்."

"இன்னும் போடச் சொன்னாரு."

"யாரு?"

"அப்பாதான். அவருதான் ஊட்டுறாரு." பிள்ளை பானையிலிருந்து தானே அள்ளிப் போட்டுக்கொண்டு போனாள். அவள் போன வழியில் காற்றில் ஒரு வாடை மிஞ்சியது.

கிராம்பு. எரியும் கிராம்பு.

டிக்.

அப்போதுதான் பத்மாவதிக்கு உறைத்தது. பிளக்கைத் தன் கையால் பிடுங்கிப் போட்டிருந்தாள். பெட்டியில் மின்சாரமே இல்லை.

டிக்.

அடுப்பை அணைத்தாள். இலையை எடுத்தோம், போத்தலை எடுத்தோம், விளக்கை எடுத்தோம். அந்தப் பெட்டியை எடுக்கவில்லை. அது எடுக்காத படையல். அவர் கிளம்பவே இல்லை. இத்தனை நாளும் அந்த நாற்காலியிலேயே, பசியோடு. பக்கத்தில், தரையில், பிள்ளை. அவர் நல்லவர், மகளின் மேல் உயிரையே வைத்திருந்தார் என்று சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொண்டபோது பயம் இன்னும் கூடியது.

சாமி மாடத்திலிருந்து செம்பை எடுத்துத் தண்ணீர் பிடித்தாள். தட்டவேண்டும். தட்டிவிட்டுத்தான் திறக்கவேண்டும். தண்ணீரைச் சுற்ற வேண்டும், போயிட்டு வாங்க என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். கூடத்தைக் கடந்தாள். தரை ஈரமாக இருந்தது, மழைச்சாரலோ, பிள்ளையின் ஈரக் காலோ. கதவுக்குக் கீழே ஒரு பச்சை வெளிச்சக் கோடு தெரிந்தது.

உள்ளே சப்பென்று சோறு பிசையும் சத்தம். பெரிய கை பிசையும் சத்தம்.

டிக்.

பத்மாவதி தட்டுவதற்குக் கையை உயர்த்தினாள். விரல் மடிந்தது. கதவுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"போதும்பா." ஷாமினியின் குரல். வாய் நிறையச் சோறு. "வயிறு வலிக்குதுப்பா. போதும்..."

தொண்டை அடைக்கும் ஒரு சத்தம்.

பத்மாவதி கதவைத் தள்ளினாள்.

அறை முழுக்கப் பச்சை வெளிச்சம். பிளக் தரையில் கிடந்தது, போட்டது போட்டபடி. திரையில் பாம்பு நீண்டு நீண்டு, இடமெல்லாம் அடைத்து, அசையாமல் நின்றது. நாற்காலி கதவுக்கு முதுகு காட்டியிருந்தது. குஷன் பலகையோடு அமுங்கிக் கிடந்தது.

ஷாமினி அதன்மேல் இல்லை. அதற்கு மேலே இருந்தாள். ஒரு மடி உயரத்தில், கால்கள் தொங்க, காற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் கவுன் இடுப்பைச் சுற்றி இறுகிக் கசங்கியிருந்தது, ஒரு கை அணைத்துப் பிடித்திருக்கும் அகலத்துக்கு.

செம்பு கீழே விழுந்து உருண்டது. தண்ணீர் கதவு நிலையைத் தாண்டி உள்ளே போகவில்லை.

ஷாமினி தலையைத் திருப்பினாள். கன்னம் இரண்டும் சோற்றால் உப்பியிருந்தன. கண்ணில் நீர்.

"தட்டலையாம்மா?"

'புஸ்' என்று மூச்சு விட்டுக்கொண்டு குஷன் மெல்ல மெல்ல மேலே வந்தது.

ஷாமினி கீழே இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே, அவளும் மேலே எழுந்தாள்.